அபரஞ்சியின் குரலில் பேசிய பேய்கள்

சாலிகிராமத்தில், பெயர்ப்பலகை விழுந்து யாரும் எடுத்து மாட்டாத ஒரு குறுக்குத் தெருவில், வீட்டுக்கு ஒரு டைரக்டர் ஆகப்போகிறவரும், மாடிக்கு ஒரு வசனகர்த்தா ஆகப்போகிறவரும், மிச்சமிருந்த மொட்டைமாடி அறைகளிலெல்லாம் கதாநாயகன் ஆகப்போகிறவர்களும் குடியிருந்தார்கள். அந்தத் தெருவுக்கு ஒருநாள் சேதி வந்தது. பெரிய படக் கம்பெனி ஒன்று பேய்ப்படத் திரைக்கதைப் போட்டி வைத்திருக்கிறதாம், ஜெயிக்கிற கதையை அப்படியே படமாக எடுக்கப்போகிறதாம், அதைவிடப் பெரிய விஷயம், எழுதியவர் பெயரைக் கூட்டத்தோடு கோவிந்தா போடாமல் திரையில் தனியாக, முழுசாக, நிறுத்தி நிதானமாகக் காட்டப்போகிறதாம். அவ்வளவுதான். டீக்கடையில் டீ ஆறியது, இஸ்திரிக்காரர் பெட்டியில் கரி அணைந்தது, எல்லோரும் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள்.

அபரஞ்சியும் எழுதினாள். அவள் டப்பிங் கலைஞர், அதிலும் பேய் ஸ்பெஷலிஸ்ட். கல்யாணமாகி மாயவரத்திலிருந்து வந்த புதிதில், ஊருக்குப் போன யாருக்கோ பதிலாக மைக் முன்னால் நின்று ஒரு அலறு அலறினாள், அன்றிலிருந்து எந்தப் படத்தில் எந்தப் பேய் வாயைத் திறந்தாலும் வெளியே வருவது அவள் குரல்தான். கிணற்றடிப் பேய், பங்களாப் பேய், லிஃப்ட் பேய், கல்லூரி விடுதிப் பேய் எல்லாம் அவள்தான். டப்பிங் தியேட்டரில் அவளை 'பேயம்மா' என்று கூப்பிடுவார்கள். 'பேயம்மா வந்தாச்சா, பேயம்மாவுக்கு வெந்நீர் குடு' என்று தாங்கத்தான் தாங்குவார்கள். ஆனால் படம் முடிந்து எழுத்து ஓடும்போது விளக்குப் பிடித்தவர் பெயர் வரும், வண்டி ஓட்டியவர் பெயர் வரும், அலறியவள் பெயர் மட்டும் வராது.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாத ஒன்று நடந்தது. ஒரு டப்பிங் இடைவேளையில், வெந்நீரைக் குடித்துக்கொண்டே, தான் மனசுக்குள் வைத்திருந்த கதை ஒன்றை ஒரு டைரக்டரிடம் வெகுளியாகச் சொல்லிவிட்டாள். நல்லாயிருக்கும்மா என்று அவரும் தலையாட்டினார். அடுத்த வருஷம் அதே டைரக்டர் படத்துக்கு அலறக் கூப்பிட்டார்கள். முதல் ரீல் ஓடியதுமே தெரிந்துவிட்டது, அது அவள் கதை. என்ன செய்வது, மைக்கைப் போட்டுவிட்டார்கள், அலறினாள். சவுண்ட் இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, "பிரமாதம் பேயம்மா, நிஜமாவே வயிறு எரிஞ்சு கத்துன மாதிரி இருக்கு" என்றார். நிஜமாகவே எரிந்துதான் கத்தினாள் என்பதை அவருக்கு யார் சொல்வது? அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள், சாகிறதுக்குள் ஒரு தடவையாவது தன் பெயரைத் திரையில் பார்த்துவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள். இந்தப் போட்டி வந்ததும் அந்த முடிச்சைத்தான் அவிழ்த்தாள்.

அந்தத் தெருவில் எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. பேய்க்கதையே ஆனாலும் முதல் தாளில் பிள்ளையார் சுழி போடாமல் பேனா நகராது. எழுதி முடித்ததும் கட்டின் நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம், அப்புறம் வடபழனி முருகன் காலடியில் வைத்து எடுத்து வந்து, மடியில் குழந்தையைக் கிடத்துவதுபோல் அலமாரியில் கிடத்துவார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், அபரஞ்சியும் அப்படித்தான் செய்தாள்.

தண்ணி லாரி வருகிற ஒரு காலையில், பல் விளக்கியபடி வெளியே வந்த சுடலைமுத்து தன் வாசற்படியில் ஒரு பேய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். சுடலைமுத்து திருநெல்வேலிப் பக்கம், தலை நரைக்கத் தொடங்கியும் இன்னும் உதவி இயக்குநர், பெயரில் சுடலை இருக்கிறதே தவிர இருட்டில் பாத்ரூம் போக விசில் அடிக்கிறவன். ஆனால் விடிந்துவிட்டதாலும், வாயில் நுரை இருந்ததாலும், அவன் பயப்படவில்லை. வெள்ளைப் புடவை, விரிந்த தலைமுடி, தரையில் பாவாத கால்.

"யாரும்மா நீ? யாரப் பாக்கணும்?"

"உன்னத்தான். உன் கதைப் பேய் நான். கதைக்கட்டுக்குள்ள போகலாம்னா விட மாட்டேங்குது" என்றது பேய்.

சுடலைமுத்து நுரையைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "அபரஞ்சி அக்கா, காலங்காத்தால என்ன வெளாட்டு இது? கொரல வச்சே கண்டுபிடிச்சிட்டேன்லா!"

"நான் இங்க நிக்கிறேன்டா" என்றாள் அபரஞ்சி, தண்ணி வரிசையில், இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு.

அப்போதுதான் தெரு திரும்பிப் பார்த்தது. வாசலுக்கு ஒன்று, மாடிப்படிக்கு ஒன்று, நிறுத்தி வைத்த பைக்கின் மேல் ஒன்று, மதில்மேல் வரிசையாக ஏழெட்டு. எல்லாம் வெள்ளைப் புடவை, எல்லாம் விரிந்த தலைமுடி, எல்லாம் ஒரே அச்சு. வாயைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே குரல், அபரஞ்சியின் குரல். பேய் எப்படிப் பேசும் என்று யோசித்துப் பார்த்த அத்தனை எழுத்தாளர்கள் காதிலும், வாழ்நாளெல்லாம் தியேட்டரில் கேட்ட அந்த ஒரே குரல்தானே கேட்டிருக்கும்? தெருவே அவளைப் பார்த்தது. இத்தனை வருஷமாகத் தங்களை நடுங்கவைத்த குரல், தினமும் கறிவேப்பிலை கடன் கேட்கிற குரல்தான் என்று அன்றைக்குத்தான் அவர்களுக்கு உறைத்தது. அபரஞ்சிக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது, குடத்தைக் கீழே வைக்கவும் முடியவில்லை, லாரிக்காரன் அவசரப்படுத்தினான்.

பேய்கள் ஏன் வெளியில் நிற்கின்றன என்பதை விளக்கியவர் எஸ்தர் அம்மா. தெருவில் பாதி வீடுகளுக்குச் சொந்தக்காரர், தண்ணி வரிசைக்கும் அவர்தான் தலைவி. "இன்னாப்பா எழுத்தாளருங்க நீங்க? மஞ்சள வெச்சு, குங்குமத்த வெச்சு, புள்ளையாரக் காவலுக்கு வெச்சுட்டு, பேய உள்ள போன்னா அது எப்டிப் போவும்? உங்க பேய நீங்களே தொரத்திவுட்டீங்க!"

வந்துவிட்டவர்களை என்ன செய்வது? முதல் நாள் ஒதுங்கிப் போனார்கள், இரண்டாம் நாள் தலையசைத்தார்கள், மூன்றாம் நாள் வேலை சொன்னார்கள். பேய்களுக்குத் தூக்கம் கிடையாது என்பதால் விடியுமுன்னே எழுந்து வாசல் தெளிக்கிற வேலை அவர்களுக்குப் போனது, கால் தரையில் பாவாததால் போட்ட கோலம் அழியாமல் அவர்களால் நடக்க முடிந்தது, அந்த மார்கழியில் அந்தத் தெருக் கோலத்தைப் பார்க்கப் பக்கத்துத் தெருக்காரர்கள் வண்டியை நிறுத்தினார்கள். தண்ணி வரிசையில் குடத்தை வைத்துவிட்டு நம்பிப் போகலாம், ஒரு பேய் பக்கத்தில் நின்றுகொண்டால் யாரும் முந்த மாட்டார்கள். பிள்ளைகள் முடியைப் பிடித்து ஊஞ்சல் ஆடின. வெள்ளைப் புடவையைப் பார்க்கச் சகிக்காத பெண்கள் பீரோவைத் திறந்து, பூப்போட்டது, கட்டம்போட்டது, தீபாவளிக்கு எடுத்து ஒரே தடவை கட்டியது என்று ஆளுக்கொன்று கொடுத்தார்கள். கவுன்சிலர் வந்து, ஓட்டர் லிஸ்ட்டில் இல்லாதவர்களுக்குத் தன்னால் ஒன்றும் செய்ய இயலாது என்று சொல்லி, ஒரு பேயிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

எழுத்தாளர்கள் பாடுதான் திண்டாட்டம். புடவை மாறியபின் எது யாருடையது என்றே தெரியவில்லை. "அக்கா, எம் பேயி எதுன்னே எனக்கு வெளங்கலயே" என்று சுடலைமுத்து புலம்பினான். "எல்லாத்துக்கும் கொடைக்கானல் பங்களா, எல்லாரையும் ஜமீன்தார் மவன்தான் எரிச்சிருக்கான், நாங்க எல்லாரும் ஒரே பேயத்தாம் எழுதியிருக்கோம்போல!" அதைவிட மோசம், கதைக்கட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பேய் வரவேண்டிய இடமெல்லாம் வெறிச்சோடிக் கிடந்தது. கதவு திறந்தது, காற்று அடித்தது, கதாநாயகன் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து ஐயோ அம்மா என்றான். படித்துக் காட்டினால் சிரிப்புத்தான் வந்தது.

கடைசித் தேதி நெருங்கியது. முருகா மன்னித்துக்கொள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு மஞ்சளை ஈரத்துணியால் துடைத்தார்கள். உள்ளே போங்க தாயே என்று கும்பிட்டார்கள். பேய்கள் அசையவில்லை. தண்ணித் தொட்டியடியில், உச்சி வெயிலில், எஸ்தர் அம்மாவின் பச்சைப் புடவையைக் கட்டியிருந்த ஒரு பேய்தான் எல்லோருக்குமாகச் சேர்த்துப் பேசியது.

"உள்ள போனா இடைவேளைக்கு அப்புறம் ஃபிளாஷ்பேக் வரும். ஃபிளாஷ்பேக் வந்தா மண்ணெண்ணெயும் வரும். எத்தனை தடவைய்யா எரியறது? இங்க கோலம் போடுறோம், புள்ளைங்க பக்கத்துல உக்காருது, மோர் கரைச்சா குடிக்க ஆளிருக்கு. நாங்க ஏன் அங்க வரணும்?"

அதே குரல் தன் தொண்டைக்குள்ளிருந்து வந்ததுபோல அபரஞ்சிக்கு இருந்தது. அத்தனை எரிப்புக்கும் மைக் முன்னால் நின்று கத்தியவள் அவள்தானே. ஒவ்வொரு தடவையும் வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி எரிந்தவள் அவள்தானே. அப்படிப்பட்டவள், தானாக ஒரு கதை எழுத உட்கார்ந்ததும் என்ன எழுதினாள்? அதே பங்களா, அதே ஜமீன்தார் மகன், அதே மண்ணெண்ணெய். தன்மேலேயே அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

வீட்டுக்குள் போனால், சமையலறையில் ஒரு பேய் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது. கேட்காமலே தெரிந்தது, அது அவளுடையது.

"கோவமா?" என்றாள் அபரஞ்சி.

"கோவப்படக்கூட நீ எனக்கு ஒண்ணும் குடுக்கலையே. என்னை எப்படி எரிச்சான்னு மூணு பக்கம் எழுதியிருக்கே. அவன் பேரு, அவன் அப்பன் பேரு, அவன் வளர்த்த நாய் பேருகூட இருக்கு. எனக்கு மட்டும் 'பேய்'னு போட்டிருக்கே."

அபரஞ்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெயர், பெயர் என்று இத்தனை வருஷம் வெந்து போனவள், தான் பெற்றதற்குப் பெயர் வைக்காமல் விட்டிருக்கிறாள். வாய்விட்டு அழுதாள். வெங்காயம் என்று சொல்லிச் சமாளிக்கக்கூட அங்கே யாரும் கேட்கவில்லை.

"என்ன பேரு வேணும்?" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நல்ல பேரா வை. கூப்பிட்டா வாய் நிறையணும்."

"செண்பகவடிவு?"

பேய் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தது. சொல்லச் சொல்ல அதன் முகம் மற்ற பேய்களின் முகத்திலிருந்து விலகி, மூக்கு கொஞ்சம் நீண்டு, இடது கன்னத்தில் ஒரு மச்சம் எழுந்து, யாருக்கும் இல்லாத ஒரு முகம் ஆனது.

பழைய கதைக்கட்டை அபரஞ்சி, பெட்டியில் கரி மூட்ட இஸ்திரிக்காரரிடம் கொடுத்துவிட்டு, புதுத்தாளை எடுத்து உட்கார்ந்தாள். வழக்கப்படி கை பிள்ளையார் சுழிக்குப் போனது, அங்கேயே நின்றது. பழக்கமில்லாத காரியம். "பிள்ளையாரப்பா, கோவிச்சுக்காதே, இந்த ஒரு தடவை வெளியில இரு, கொழுக்கட்டை பண்ணித் தரேன், ஒரு பொண்ணு உள்ள வரணும்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, சுழி இருக்க வேண்டிய இடத்தில் செண்பகவடிவு என்று எழுதினாள். செண்பகவடிவு வெங்காயத்தட்டைக் கீழே வைத்தாள், கையைப் புடவையில் துடைத்தாள், தெரிந்த வீட்டுக்குள் போவதுபோலத் தாளுக்குள் போனாள்.

அபரஞ்சி எழுதிய கதையில் யாரையும் யாரும் எரிக்கவில்லை. ஒரு பெண் மத்தியான வேளையில் ஒவ்வொரு வீடாக வருகிறாள், எல்லோரும் அவளை எங்கோ பார்த்தவர்கள்தான், ஒரு காலத்தில் அந்த வீட்டில் உழைத்தவள்தான், அவர்கள் போடுகிறதைச் சாப்பிடுகிறாள், தட்டைக் கழுவி வைக்கிறாள், வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: என் பேரு என்ன? சொல்லத் தெரியாதவர்களை அவள் ஒன்றும் செய்வதில்லை. போய்விடுகிறாள். அவர்களுக்குத்தான் அதற்கப்புறம் தங்கள் பெயர் மறந்துபோகிறது.

சேதி தெருவில் பரவியதும் பெயர் வைக்கிற திருவிழா ஆரம்பித்தது. சுடலைமுத்து தன் ஊர் அம்மனை நினைத்துக் காந்திமதி என்று வைத்தான். பூரணி, நாச்சியார், வெள்ளையம்மாள், கிரேஸி, மும்தாஜ், அலமேலு என்று வாசலுக்கு வாசல் கூப்பிட்டார்கள். முகங்கள் பிரிந்தன, அந்தந்தப் பேய் அந்தந்த எழுத்தாளனைத் தானே தேடி வந்தது. சிலர் அவசரமாகத் திருத்தி எழுதி அனுப்பினார்கள், சிலருக்குப் பக்கம் போதவில்லை, சுடலைமுத்துவுக்குத் தேதி போதவில்லை. "பரவால்லக்கா, காந்திமதி எங்கயும் போவமாட்டா, நீங்க செயிச்சிட்டு வாங்க" என்றான் அவன், உண்மையான மனசோடு.

போட்டிக்குப் போன கட்டுகளில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். தேர்வான சிலரைக் கதை சொல்லக் கூப்பிட்டார்கள். சினிமாவில் எவ்வளவு எழுதினாலும் கடைசியில் வாயால் சொன்னால்தான் கதை. அபரஞ்சியின் எண் வந்தது. அவள் கம்பெனியின் பிரிவியூ தியேட்டருக்குக் கிளம்பியபோது தெருப்பெண்கள் பின்னால் கிளம்பினார்கள், அவர்களுக்குப் பின்னால், பெயர் கிடைத்தபின் தாளுக்குள்ளும் வெளியேயும் இஷ்டப்படி போய்வந்த பேய்கள் கிளம்பின, பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் கண்டக்டரும் தகராறு பண்ணவில்லை.

தியேட்டரில் தேர்வுக் குழு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. நடுவில் தலைவர் அம்மாள், பல படம் தயாரித்தவர், வெள்ளிக் கம்பி போன்ற தலைமுடி. அவர் பக்கத்தில் யார் என்கிறீர்கள்? அந்த டைரக்டர். இடைவேளையில் கதை கேட்டுத் தலையாட்டினாரே, அவரேதான். இங்கே சொன்னால் இதுவும் போய்விடுமோ? திரும்பி வீட்டுக்குப் போய்விடலாமா? பின்வரிசையைப் பார்த்தாள். கலர் கலராகப் புடவை கட்டி, தலைவாரிப் பூ வைத்து, அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இனி எதற்குப் பயம் என்று தோன்றியது.

"அட, நம்ம பேயம்மா!" என்றார் டைரக்டர் சிரித்துக்கொண்டே. "சொல்லும்மா, சொல்லு."

சொன்னாள். அலறவில்லை, குரலை உயர்த்தவே இல்லை, பக்கத்து வீட்டில் குழம்பு கேட்கிற குரலில் சொன்னாள். மத்தியான வெயில் சொன்னாள், தட்டு கழுவும் சத்தம் சொன்னாள், வாசலில் நிற்கிற பெண்ணின் ஈரக்கையைச் சொன்னாள். காப்பி கொண்டுவந்தவர் தட்டோடு நின்றுவிட்டார். வாசல் இடம் வந்ததும் அபரஞ்சி நேராக அந்த டைரக்டரைப் பார்த்தாள்.

"என் பேரு என்ன?"

"பேயம்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். அது பெயர் இல்லை என்பது அவருக்கே தெரிந்தது. பதினெட்டுப் படம் அவள் குரலை வாங்கியிருக்கிறார், ஒரு கதையும் வாங்கியிருக்கிறார். யோசித்தார், நெற்றியைத் தேய்த்தார், பின்வரிசை முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏசியிலும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

கதை முடிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை, தட்டினால் யாராவது வாசலில் வந்து நிற்பார்களோ என்று பயந்தவர்கள்போல இருந்தார்கள். மதிப்பெண் தாளை எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். டைரக்டர் பேனாவைப் பிடித்தார், தாளைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகக் குனிந்து, "சார், என் பேரு என்ன?" என்று கேட்டார்.

தலைவர் அம்மாள் எழுந்தார். நேராகத் திரைக்கு முன்னால் வந்து அபரஞ்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எனக்கு இந்த வயசு வரைக்கும் யாரும் பயம் காட்டினதில்லம்மா. வீட்டுக்குப் போனதும் சமையல்கார அம்மா பேரக் கேட்கப் போறேன், அவ்வளவு பயமா இருக்கு. உன் பேரச் சொல்லு, முதல்ல நான் தெரிஞ்சிக்கறேன்."

"அபரஞ்சி" என்றாள். மைக்குக்கு முன்னாலோ திரைக்கு முன்னாலோ அவள் தன் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்புறம் என்ன, படம் எடுத்தார்கள். தன் வேடத்தில் தானே நடித்த செண்பகவடிவு ஷூட்டிங்குக்கு ஒருநாள்கூடத் தாமதமாக வரவில்லை. முதல் காட்சிக்குத் தெருவே வேன் பிடித்தது. அபரஞ்சியின் கணவர் யூனிட் வண்டி ஓட்டுகிறவர், வெளியூர் ஷூட்டிங்கிலிருந்து அழுக்குச் சட்டையோடு நேராகத் தியேட்டருக்கு ஓடி வந்தார். எஸ்தர் அம்மா ஆளுக்கு ஒரு முழம் மல்லிகை கொடுத்தார், பேய்களுக்கு ஒன்றரை முழம், முடி அதிகம் என்பதால். விளக்கு அணைந்தது. கம்பெனி பெயர் வந்தது, நடிகர்கள் பெயர் வந்தது. பிறகு திரை கறுத்து, வேறு ஒரு எழுத்தும் இல்லாமல், தனியாக, முழுசாக, வெள்ளை வெளேரென்று வந்தது:

கதை, திரைக்கதை, வசனம்
அபரஞ்சி

சுடலைமுத்து விசில் அடித்தான், இந்தத் தடவை பயத்தில் இல்லை. காந்திமதியும் அடித்தாள். அபரஞ்சி தன்னை அறியாமல் நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தாள், ஒளி அவள் தலையில் பட்டு, அவள் நிழல் திரையில் விழுந்தது. பின்னால் முன்பின் தெரியாத ஒரு ஆள் கத்தினார்.

"யம்மோவ், உக்காரும்மா! எழுத்துப் போடுறாங்க, மறைக்குதுல்ல!"

அபரஞ்சி திரும்பினாள். கன்னமெல்லாம் ஈரம், வாயெல்லாம் சிரிப்பு.

"ஒண்ணும் மறைக்கலய்யா, நல்லாப் பாத்துக்கோ! அந்த எழுத்துதான் நான்!"